சங்கத்தில் கேட்கும் கணக்கைக் கொண்டோவில் ஏன் கேட்பதில்லை?

ரொறன்ரோவில் ஏதாவது ஓர் ஊர்ச்சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். பொருளாளர் கணக்கறிக்கையை வாசித்து முடிப்பதற்கு முன்னரே பின்வரிசையில் ஒருவர் எழுந்து நிற்பார். கோடைகால ஒன்றுகூடலுக்கு எத்தனை பெட்டி சோளம் வாங்கினீர்கள், மிஞ்சியது எங்கே போனது, மண்டபத்துக்குக் கட்டிய முற்பணம் திரும்பி வந்ததா என்று கேட்பார். பற்றுச்சீட்டைக் காட்டுங்கள் என்பார். போன வருடக் கூட்டறிக்கையில் வேறு மாதிரியல்லவா இருந்தது என்று இன்னொருவர் பழைய தாளைத் தூக்கிப் பிடிப்பார். இருநூறு டொலருக்காக மண்டபம் கொதிக்கும்; தேநீர் ஆறிப்போகும். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. பொதுப்பணத்தைத் தொட்டவன் கணக்குக் காட்டியே ஆகவேண்டும் என்ற பிடிவாதம் எங்கள் ஆட்களிடம் இருக்கும் நல்ல குணங்களில் ஒன்று.

அதே மனிதர் ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஓர் அடுக்குமாடியில் கொண்டோ, அதாவது சொந்தமாக வாங்கிய மாடிவீடு, வைத்திருப்பார். மாதம் 700, 800 டொலர் பராமரிப்புக் கட்டணமாக அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழிந்துகொண்டிருக்கும். இருநூறு வீடுகள் உள்ள கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு 750 டொலர் என்றால் வருடத்துக்கு 18 இலட்சம் டொலர். அந்தப் பணம் யார் கையெழுத்தில் யாருக்குப் போகிறது, பனி அள்ளுகிறவருக்கு எவ்வளவு, லிஃப்ட் கம்பனியோடு எத்தனை வருட ஒப்பந்தம் என்று அவர் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார். பொதுக்கூட்ட அறிவித்தல் பீட்சாக் கடை விளம்பரத்தோடு சேர்ந்து மறுசுழற்சிப் பெட்டிக்குள் போயிருக்கும்.

ஏன் இப்படி என்று பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "அது மனேஜ்மென்ட் பார்க்கிற வேலை" என்பதுதான் பொதுவான பதில். வந்த புதிதில் வாடகை வீட்டில் இருந்து பழகியவர்கள் நாங்கள். கட்டடம் என்றால் அதற்கு மேலே யாரோ ஒரு முதலாளி இருக்கிறார், மாதக் கடைசியில் அவருக்குக் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டால் சோலி முடிந்தது என்ற எண்ணம் வீடு வாங்கிய பிறகும் போவதில்லை. கொண்டோவில் அப்படி ஒரு முதலாளி இல்லை. ஒவ்வொரு கொண்டோக் கட்டடமும் சட்டத்தின் கண்ணில் ஒரு தனிக் கூட்டுத்தாபனம். பத்திரத்தில் கையெழுத்து வைக்கிற அன்றே நீங்கள் அதன் உறுப்பினர். இயக்குநர் சபை உங்கள் வாக்கில் வருவது. முகாமையாளரும் அவருடைய நிறுவனமும் அந்தச் சபை கூலிக்கு அமர்த்திய ஆட்கள். கந்தோரில் மேசைக்கு அப்பால் இருந்து உங்களை ஏற இறங்கப் பார்க்கிற மனிதருக்குச் சம்பளம் உங்கள் கட்டணத்திலிருந்துதான் போகிறது.

ஒன்ராறியோவில் முதலாவது கொண்டோச் சட்டம் 1967 இல் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1998 ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 55 ஆவது பிரிவு கூட்டுத்தாபனம் போதுமான ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்றும், உரிமையாளர் கேட்டால் அவற்றைப் பார்வையிடவோ பிரதி எடுக்கவோ விட வேண்டும் என்றும் சொல்கிறது. வீட்டை வாங்கவிருப்பவருக்கும் அடமானம் கொடுத்த வங்கிக்கும்கூட இந்த உரிமை உண்டு. வாடகைக்கு இருப்பவருக்கு இல்லை. 1992 இல் வாட்டர்லூ வடக்குக் கொண்டோ ஒன்றைப் பற்றிய வழக்கில் நீதிபதி கூட்டுத்தாபனத்தின் அலுவல்கள் அதன் உறுப்பினர்களுக்குத் திறந்த புத்தகமாக இருக்க வேண்டும் என்ற கருத்தில் எழுதினார். முப்பது வருடம் தாண்டியும் தீர்ப்புகளில் அந்த வாசகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தாளுகிறார்கள். புத்தகத்தைத் திறக்க மனமில்லாத சபைகள் இன்னும் இருக்கின்றன என்பதுதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

முன்பெல்லாம் சபை மறுத்தால் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கிடைக்கக்கூடிய தண்டம் 500 டொலர். வழக்குக்கு அலையும் பஸ் செலவுக்கும் லீவுக்கும் அது காணாது. 2015 இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் 2017 நவம்பர் 1 இல் நடைமுறைக்கு வந்தபோது நிலைமை மாறியது. அன்றைக்கே, கொண்டோ விவகாரங்களுக்கென்று மாகாண அரசு நியமித்த கொண்டோ அதிகாரசபையின் கீழ் ஒரு தீர்ப்பாயம் தொடங்கியது. அதற்கு முதலில் கொடுக்கப்பட்ட ஒரே வேலை இந்த ஆவணத் தகராறுகளைத் தீர்ப்பது. நாய், பூனை, வாகனத் தரிப்பிடம் எல்லாம் 2020 இலும், சத்தம், மணம், புகை எல்லாம் 2022 இலும்தான் வந்து சேர்ந்தன. எத்தனையோ சண்டைகள் நடக்கிற இடத்தில் அரசு எதை முதலாவதாக எடுத்தது என்பதைக் கவனித்தால், எது அதிகம் புண்ணாகி இருந்தது என்று தெரியும்.

எங்கள் கட்டடத்துக் கதைக்கு வருகிறேன். எழுபதுகளின் கடைசியில் எழும்பிய கட்டடம். அந்தக் காலத்துக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் வருகிற நோய் எங்களுக்கும் வந்தது. பனிக்காலத்தில் வீதியில் கொட்டுகிற உப்பு கார்ச் சில்லுகளோடு நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்குள் வருகிறது. பனி உருகிய உப்புத்தண்ணீர் மேலே பூசியிருக்கிற நீர்க்காப்புப் படலத்தின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கிக் கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருப்பிடித்த கம்பி பருக்கும். கொங்கிறீட் பாளம் பாளமாகக் கழன்று வரும். எங்கள் தரிப்பிடத்தில் சில இடங்களில் கூரையிலிருந்து வெள்ளைநிறச் சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டி, கார்ப் பூச்சைக் கெடுக்கிறது என்று தூணோடு தகரங்களைக் கட்டிவிட்டிருந்தார்கள். பிறகு ஒருநாள் கதவின் கீழால் கடிதம் வந்தது: விசேட அறவீடு, அதாவது மாதக் கட்டணத்துக்கு மேலதிகமாகக் கட்ட வேண்டிய தொகை. எங்கள் வீட்டுப் பங்கு 9,000 டொலருக்குச் சற்று மேல்.

அன்றிரவே கீழ் மண்டபத்தில் ஊர்வம்பு தொடங்கிவிட்டது. சபைத் தலைவரின் மச்சான்தான் ஒப்பந்தகாரர் என்றார் ஒருவர். காசை அடித்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். எவ்வளவு அடித்தார்கள் என்ற தொகை மாடிக்கு மாடி ஏறிக்கொண்டே போனது. இப்படிப் பேசியவர்களில் ஒருவராவது ஒரு தாளையும் கேட்டுப் பார்க்கவில்லை. நான் கேட்கப் போகிறேன் என்றபோது பக்கத்து வீட்டு மாமி கவலைப்பட்டார். "தம்பி, உமக்கேன் இந்தப் பொல்லாப்பு? பிறகு லிஃப்ட்டில் முகத்துக்கு முகம் நிற்க வேண்டாமா?" என்றார். கணக்குக் கேட்பது குற்றம் சாட்டுவது என்றே சபையும் நினைக்கிறது, அயலும் நினைக்கிறது. சட்டம் அப்படி நினைக்கவில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் கேட்கக்கூட அது சபையை அனுமதிப்பதில்லை. உரிமையாளர் என்ற அளவில் உங்கள் நலனோடு சம்பந்தப்பட்டதாக இருந்தால் போதும்.

கேட்பதற்கென்று ஒரு கட்டாயப் படிவம் இருக்கிறது. அதிகாரசபையின் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். கடிதம் எழுதினேன், மின்னஞ்சலில் கேட்டேன், கந்தோரில் வாயால் சொன்னேன் என்பதெல்லாம் பிறகு எடுபடாது. படிவத்தை நிரப்பிக் கொடுத்தால்தான் சபை பதில் சொல்ல வேண்டிய முப்பது நாள் கடிகாரம் ஓடத் தொடங்கும். எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதையும், உங்கள் சபையில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் அதே அதிகாரசபையின் பகிரங்கப் பதிவேட்டில் பார்க்கலாம். அந்த அதிகாரசபையை நடத்தும் செலவுக்கு வீட்டுக்கு மாதம் ஒரு டொலர் வீதம் உங்கள் கட்டணத்திலிருந்துதான் போகிறது. ஆகவே பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

படிவம் ஆவணங்களை இரண்டாகப் பிரிக்கிறது. முதல் வகை அடிப்படை ஆவணங்கள். கட்டடத்தின் பிரகடனம் (கொண்டோவை உருவாக்கிய அடிப்படைப் பத்திரம்), துணைவிதிகள், விதிகள், நடப்பு வருட வரவுசெலவுத் திட்டம், கடைசியாக அங்கீகரிக்கப்பட்ட நிதியறிக்கை, கணக்காய்வாளரின் அறிக்கை, பெரிய திருத்த வேலைகளுக்கென்று ஒதுக்கி வைக்கும் ரிசர்வ் நிதிக்குப் பணம் சேர்க்கும் திட்டம், கடந்த 12 மாதக் கூட்டறிக்கைகள், உரிமையாளர்களின் பதிவேடு இப்படி. இவற்றை மின்னஞ்சலில் கேட்டால் ஒரு சதமும் வாங்க முடியாது. தாளில் கேட்டால் பக்கத்துக்கு 20 சதம்தான் உச்சம். மற்ற எல்லாம் இரண்டாம் வகை: விலைப்பட்டியல், வங்கிக் கூற்று, ஒப்பந்தம், பொறியியலாளர் அறிக்கை, பழைய கூட்டறிக்கைகள். தேடி எடுக்கும் உழைப்புக்கு நியாயமான செலவை இவற்றுக்கு வாங்கலாம்.

நான் முதல் வகையில் எல்லாப் பெட்டிகளுக்கும் புள்ளடி போட்டேன். இரண்டாம் வகையில் மூன்றைத்தான் எழுதினேன்: தரிப்பிடத்தைப் பற்றிய பொறியியலாளரின் அறிக்கை, வந்த விலைமனுக்களும் கைச்சாத்தான ஒப்பந்தமும், அதற்கு முந்திய மூன்று வருடக் கூட்டறிக்கைகள்.

எழுதும்போது மிகவும் கவனமாக இருக்க வேண்டியது இந்த இடத்தில்தான். பலர் படிவத்தில் கேள்வி எழுதுகிறார்கள். "ஏன் கட்டணம் கூடியது?" "தரிப்பிட வேலையை ஏன் இந்தக் கம்பனிக்குக் கொடுத்தீர்கள்?" சட்டம் தருவது ஆவணத்துக்கான உரிமை, விளக்கத்துக்கான உரிமை இல்லை. சபை உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டாலும் 55 ஆவது பிரிவை மீறியதாகாது. இல்லாத பட்டியல் ஒன்றை உங்களுக்காகத் தயாரித்துத் தரவும் வேண்டியதில்லை. "இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை, இந்த வேலைக்கு, இந்த ஆவணம்" என்று கேட்டால் தப்ப இடமில்லை. "எல்லா விலைப்பட்டியலும், எல்லா மின்னஞ்சலும், பத்து வருடத்துக்கு" என்று கேட்பவருக்கு ஆயிரக்கணக்கான டொலர் மதிப்பீடு வரும். அவர் கோபத்தில் விட்டுவிடுவார். சபை நிம்மதியாகத் தூங்கும்.

மின்னஞ்சலைப் பற்றி ஒரு சொல். இப்போது பல சபைகள் காரியங்களை மின்னஞ்சலிலேயே முடித்துவிடுகின்றன. தலைவர் ஒரு வரி எழுத, நால்வர் சரி என்று பதில் போட, 40,000 டொலர் வேலை அங்கீகாரமாகிவிடும். சட்டமோ சபை தன் அலுவலைக் கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆட்தொகை) உள்ள கூட்டத்தில்தான் நடத்த வேண்டும் என்கிறது. கூட்டம் நடந்தால் அறிக்கை இருக்க வேண்டும். ஆகவே இயக்குநர்களின் மின்னஞ்சல் பெட்டிக்குள் கையை விட நினைப்பதைவிட, இந்தச் செலவை எந்தக் கூட்டத்தில் அங்கீகரித்தீர்கள், அந்த அறிக்கையைத் தாருங்கள் என்று கேட்பது கூர்மையானது. அறிக்கை இல்லையென்றால் அதுவே ஒரு பதில்.

முப்பது நாள் முடிகிற தறுவாயில் சபையின் பதில் படிவம் வந்தது. அடிப்படை ஆவணங்களை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்கள். மற்றவற்றுக்கு 400 டொலருக்கு மேல் கேட்டிருந்தார்கள். எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு, எந்த ஆவணத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள் என்று எழுதினேன். சண்டை இல்லை, ஒரே ஒரு பந்தி. கொஞ்ச நாளில் மதிப்பீடு 90 டொலருக்கு இறங்கியது. இது எங்கள் கட்டடத்து அதிசயமில்லை. மதிப்பீடு உண்மையான செலவை ஒட்டியதாக இருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு செலவு குறைவாக இருந்தால் மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். கூடினால் மதிப்பீட்டின் 10 வீதத்துக்கு மேல் கேட்க முடியாது. இது தெரிந்தவர் என்று காட்டினாலே தொகை தன்பாட்டில் மெலிகிறது. ஆனால் நீங்களும் தூங்கக்கூடாது. மதிப்பீடு வந்து 60 நாளுக்குள் பதில் போடாவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்வார்கள்.

கூட்டறிக்கைகளில் அங்கங்கே கறுப்பு மை. சில வரிகளை மறைக்கச் சபைக்கு உரிமையும் கடமையும் இருக்கிறது. குறிப்பிட்ட வீட்டையோ உரிமையாளரையோ பற்றிய விஷயம், நடக்கிற அல்லது நடக்கவிருக்கிற வழக்கு, காப்புறுதி விசாரணை, ஊழியர்களைப் பற்றிய குறிப்புகள் இவை வெளியே வரக்கூடாதவை. ஊழியரின் வேலை ஒப்பந்தத்தைப் பார்க்கலாம். அவருக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தைப் பார்க்க முடியாது. நாலாம் மாடியில் யார் கட்டணம் கட்டவில்லை என்று அறிய முடியாது. மொத்த நிலுவை எவ்வளவு என்பதை அறியலாம். இதெல்லாம் சரிதான். ஆனால் மறைத்தால் எந்தக் காரணத்துக்காக மறைத்தோம் என்ற விளக்கத்தைக் கூடவே வைக்க வேண்டும். எங்களுக்கு வந்த ஓர் அறிக்கையில் "தரிப்பிடம்" என்ற தலைப்புக்குக் கீழ் முழுப் பந்தியும் கறுப்பு, விளக்கமும் இல்லை. அதைச் சுட்டிக் காட்டி எழுதியதும் மறுபடி அனுப்பினார்கள். உள்ளே மறைக்க வேண்டியிருந்தது ஒரு வீட்டுக்காரரின் கார் இலக்கமும் அவருடைய முறைப்பாடும் மட்டும். இரண்டு வரியை மறைக்கப் போய்ப் பந்தியையே பூசியிருக்கிறார்கள். யாரோ சோம்பல்பட்டுச் செய்த வேலை அது. ஆனால் கறுப்பு மையைப் பார்க்கிற கண்ணுக்கு அதன் கீழே கள்வன்தான் தெரிவான்.

பழைய அறிக்கைகள் வந்த பிறகுதான் கதை புரிந்தது. ரிசர்வ் நிதி ஆய்வு தரிப்பிடத்து நீர்க்காப்புப் படலத்தை மாற்ற வேண்டிய வருடத்தைக் குறித்து வைத்திருந்தது. அந்த வருடம் வந்தது. முதல் கூட்டம்: "தரிப்பிடம், பேசப்பட்டது. அடுத்த கூட்டத்துக்கு." அடுத்த கூட்டம்: "மேலும் ஒரு விலைமனு எடுக்கப்படும்." அதற்கடுத்தது: "வேலை நடக்கும்போது வாகனங்களை எங்கே விடுவது என்று உரிமையாளர்கள் கவலை தெரிவித்தனர். குளிர்காலம் முடியட்டும்." குளிர்காலம் முடிந்தது, கூட்டத்துக்குக் கோரம் இல்லை. கோடையில் தலைவர் மாறினார். புதியவர் மறுபடி முதலிலிருந்து விலைமனு எடுத்தார். வருடங்கள் இப்படியே போயின. பொறியியலாளரின் கடைசி அறிக்கையில், கழன்ற கொங்கிறீட்டின் பரப்பு முன்பு மதிப்பிட்டதைவிடப் பல மடங்கு என்று எழுதி, சிவப்பு வட்டமிட்ட படங்களோடு ஒரு வரைபடம் இருந்தது. ஒத்திப்போட்ட ஒவ்வொரு குளிர்காலமும் அந்த வட்டங்களில் தெரிந்தது.

விலைமனுக்களையும் பார்த்தேன். வேலை எடுத்தவர் மூன்றில் நடுவிலைக்காரர். தலைவரின் மச்சானுக்கும் அந்தக் கம்பனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மச்சான் ஒருவர் இருக்கிறாரா என்பதே சந்தேகம்.

கள்வனைத் தேடிப் போகிறவர்களுக்குக் கொண்டோ ஆவணங்களில் பெரும்பாலும் கிடைப்பது ஒத்திப்போடுகிறவன். இது சிலருக்கு ஏமாற்றமாகவே இருந்தது. நான் பிரதிகளைக் காட்டியபோது, கீழ் மண்டபத்தில் அதிகம் சத்தம் போட்டவர் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்போது உண்மையாகவே பழுதாகித்தான் இருக்கிறது" என்று மனமில்லாமல் சொன்னார். எனக்கு இது ஏமாற்றமாக இல்லை. யாரும் திருடவில்லை என்று தெரிந்துகொண்டு 9,000 டொலர் கட்டுவதற்கும், திருட்டுக் கொடுத்தோம் என்று நினைத்துக் கட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. தவிர, அந்த அறிக்கைகளை யாராவது இரண்டு வருடத்துக்கு முன்னர் கேட்டு வாங்கி, "அடுத்த கூட்டத்துக்கு" என்ற வரி மூன்றாம் முறை வந்தபோது பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்றிருந்தால் தொகை இவ்வளவு ஆகியிருக்காது. கடந்த 12 மாத அறிக்கைகள் இலவசம். கட்டடமே கையில் வைத்திருக்கும் அந்த இலவசத்தை யாரும் எடுக்கவில்லை.

சபை மறுத்தாலோ பதிலே போடாவிட்டாலோ தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முழுக்க இணையவழி. நேரே பேசித் தீர்க்கும் முதற்படிக்கு 25 டொலர், மத்தியஸ்தருக்கு 50, தீர்ப்புக்கு 125. ஆவணம் கேட்டுச் சபைக்குப் படிவம் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும். சட்டத்தரணி தேவையில்லை. நியாயமான காரணம் இல்லாமல் மறுத்தார்கள் என்று கண்டால் கூட்டுத்தாபனம் உங்களுக்கு 5,000 டொலர் வரை தண்டம் கட்ட வேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம். இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. அந்தத் தண்டம் எந்தப் பையிலிருந்து வருகிறது? உங்களுடையதும் உங்கள் அயலவருடையதுமான பராமரிப்புக் கட்டணத்திலிருந்து. சபை எதிர்த்து வாதாட வைக்கும் சட்டத்தரணிக்கும் அதே பைதான். ஆவணத்தை மறுத்த இயக்குநரின் சொந்தப் பையிலிருந்து தண்டத்தை எடுக்க வழி இருந்திருந்தால் இந்தத் தீர்ப்பாயத்துக்குப் பாதி வேலைகூட இருந்திருக்காது என்பது என் எண்ணம். தீர்ப்புகள் பகிரங்கமாக வெளியாகின்றன. வாசித்துப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது. ஊர்க் கோயில் வழக்குகளின் சுவை அவற்றில் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சபையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வேலை முடிந்து வந்து இரவில் சம்பளமில்லாமல் கூடுகிறவர்கள். அவர்களைச் சாகடிப்பதற்கென்றே மாதத்துக்கொரு படிவம் கொடுக்கிற பிரகிருதிகளும் உண்டு. தேர்தலில் தோற்றவர், நாயைப் பற்றி எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவர், தலைவரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். ஆவண உரிமையைக் கல்லாக எடுத்து எறிகிறவர்களையும் தீர்ப்பாயம் கண்டுகொண்டு திருப்பி அனுப்பியிருக்கிறது. ஆனால் இந்த வகையினர் எங்கள் ஆட்களில் மிகக் குறைவு. எங்கள் நோய் நேர் எதிரானது.

எங்கள் ஆட்களுக்கென்று ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. வீட்டில் இருப்பவர் ஒருவர், பத்திரத்தில் பெயர் வேறொருவர். அடமானம் எடுக்க யாருடைய சம்பளம் காணுமோ அவருடைய பெயரில் வாங்கியிருப்போம். தாய் தகப்பன் இருக்கும் வீடு மகன் பெயரில். மகன் இருக்கும் வீடு அக்காவின் பெயரில். பெயர் இல்லாதவர் படிவம் கொடுத்தால் சபை தள்ளிவிடும், தள்ளுவதும் சரி. அதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. உரிமையாளர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த முகவர் கேட்கலாம். ஒரு தாளில் இரண்டு வரி, கையெழுத்து, திகதி. ஆங்கிலத்தில் சிரமப்படுகிற பெற்றோருக்காகப் பிள்ளைகள் கேட்பதற்கும் இதே வழிதான். ஒரு கட்டடத்துக்கு ஒரு பிள்ளை இதைச் செய்தாலே அந்தக் கட்டடத்தில் எல்லோரும் வாசிக்க ஒரு பிரதி கிடைத்துவிடும்.

இன்னொன்று, உரிமையாளர் பதிவேடு அடிப்படை ஆவணம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கட்டடத்தில் 15 வீத வீடுகளின் உரிமையாளர்கள் கையெழுத்திட்டால் சபை விரும்பாவிட்டாலும் விசேட கூட்டத்தைக் கூட்ட வைக்கலாம். அந்தக் கையெழுத்துகளை யாரிடம் வாங்குவது? பாதி வீடுகளில் வாடகைக்காரர். உரிமையாளர் பிராம்ப்டனிலோ வன்கூவரிலோ இருப்பார். பதிவேடு கையில் இருந்தால் கடிதம் போடலாம். சில சபைகள் மற்ற எல்லாவற்றையும் தந்துவிட்டு இந்த ஒன்றுக்கு மட்டும் தனிமனித இரகசியம் என்று தட்டிக் கழிக்கப் பார்ப்பது இதனால்தான். இதைச் சட்டமே அடிப்படை ஆவணமாக வைத்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

தரிப்பிட வேலை இப்போது பாதி முடிந்திருக்கிறது. காரை இரண்டு வீதி தள்ளி விட்டுவிட்டு நடந்து வருகிறேன். மாமி அண்மையில் என்னை மறித்தார். அவருடைய வீடு கல்கரியில் இருக்கும் மகனின் பெயரில். மகனிடமிருந்து அதிகாரக் கடிதம் வாங்கி வைத்துவிட்டாராம். "தம்பி, ஆறாம் மாடிக்காரர் காசு கட்டுவதில்லை என்று கதை. அதைக் கேட்டு எழுதும்" என்றார். அதைக் காட்ட மாட்டார்கள் மாமி, தனி வீட்டு விஷயம் என்றேன். முகம் கொஞ்சம் வாடியது. பிறகு யோசித்துவிட்டு, "அப்படியென்றால் அந்தப் பூமரக்காரனின் ஒப்பந்தத்தையாவது கேளும். மூன்று வருடமாக ஒரே பூண்டைத்தான் நட்டுவிட்டுப் போகிறான்" என்றார்.

அதைக் கேட்கலாம். இரண்டாம் வகை, கொஞ்சம் காசு ஆகும் என்று சொல்லியிருக்கிறேன்.